ஊரைச் சுற்றப் போன மூன்று பேர்: சேர்வராயன் மலையில் எங்கள் முதல் வாரம்

போன மே மாதம் எங்கள் சபையிலிருந்து மூன்று பேர் ஏற்காட்டுப் பக்கம் மிஷன் பயணம் போய் வந்தோம். மொத்தம் பன்னிரண்டு நாள். திரும்பி வந்ததிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி. குளிருமா, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா, அடுத்த வருடம் நாங்களும் போகலாமா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் முதல் வாரத்தை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். அதற்குப் பிறகு நாங்கள் பெயிண்ட் அடித்தோம், சாப்பிட்டோம், தூங்கினோம், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மலேசியாவில், கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனை நடத்தி ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தொன்று. இந்தியாவுக்குப் போவது இதுதான் முதல் தடவை. சொந்தக்காரர்கள் எல்லாம் "பூர்வீகத்தைப் பார்க்கப் போறியா" என்று கண் கலங்கக் கேட்டார்கள். எனக்கு அப்படி எந்த ஏக்கமும் கிடையாது. மலை கிராமம் ஒன்றில் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் நடக்கிற அறைக்குக் கூரை மாற்றி, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள், கை தூக்கினேன். அந்த மலையில் காபி எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. கேண்டீனில் எத்தனை வருடம் காபி கலக்கியிருக்கிறேன், ஒரு காபிச் செடியைப் பார்த்ததில்லை.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். தலைவர் டேனியல், நாற்பத்துநான்கு வயது, தொழில் இன்சூரன்ஸ். எதிரே வருகிறவர் நிற்காவிட்டாலும் கூடவே நடந்து பேசி முடிக்கிற ஆள். இன்னொருவர் பீட்டர் அண்ணன், ஓய்வு பெற்ற வயர்மேன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்களுக்குக் கிடைத்த விசாவில் பிரசங்கம் கூடாது, கைப்பிரதி விநியோகம் கூடாது என்று சபையில் கறாராகச் சொல்லி அனுப்பினார்கள். டேனியலுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். "வேலை செய்வோம், வாயைத் திறக்காம ஜெபம் பண்ணுவோம்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திருச்சியில் இறங்கினோம். அங்கிருந்து ஏற்காட்டுக்கு வேன், ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய், டோல் தனி. சேலம் வரைக்கும் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், மூன்று மணி நேரம் ஆகிறது. மே மாத வெயிலில் அந்த மூன்று மணி நேரம் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஏ.சி. வேனா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது ஏ.சி. என்று எழுதியிருந்த வேன்.

டிரைவர் செல்வம், சேலத்துக்காரர். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பீட்டர் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஓர் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கையில் கொடுத்தார். மலைப்பாதை அங்கேதான் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை.

"ஏனுங்கம்மா, உங்க மலேசியாவுல மலை இருக்குதுங்களா?"

"இருக்கு. அங்கேயும் வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறணும்."

"எத்தன வளைவுங்க?"

எண்ணியதில்லை என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. "எண்ணாம எப்படீங்க ஏறுவீங்க? எங்க இருக்கறோம்னு எப்படித் தெரியும்?" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் எனக்காக எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பதினொன்றாவதில் பீட்டர் அண்ணனுக்கு எலுமிச்சம்பழம் போதவில்லை. நிறுத்தி, முகம் கழுவி, மறுபடி ஏறினோம். அந்த இடத்தில் காற்று மாறியிருந்ததை நான் கவனித்தேன். கீழே முகத்தில் அடித்த அனல் இல்லை, ஈர மண் வாசனை இருந்தது.

ஏற்காடு டவுனில் மூன்றே கால் மணி. சீசன் நேரம், ஏரிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. பெயிண்டும் பிரஷ்ஷும் அங்கேயே வாங்கினோம். டேனியல் வானத்து நீலம் வேண்டும் என்றார். கடைக்காரர், "மழை பேஞ்சா பாசி புடிக்குமுங்க, வெளியில பச்சையாப் போட்டுருங்க, தெரியாது" என்றார். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. டேனியல் நீலம்தான் வாங்கினார்.

எங்களை அழைத்துப் போக சின்னராசு ஜீப்போடு வந்திருந்தார். அவரும் அவர் மனைவி எஸ்தரும்தான் எங்களுக்கு வீடு கொடுக்கிறவர்கள். மாரமங்கலம் வழியாக முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, ஏன் என்று படித்தால் புரியும். வழியெல்லாம் சவுக்கு மாதிரி உயர்ந்த மரங்கள், அவற்றின் மேல் மிளகுக் கொடி, கீழே காபி. ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள், கொம்பை ஒட்டிக் கொத்துக் கொத்தாக. ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் துவர்த்துப் போய், துப்புவதற்கு இடம் தேடினேன். சின்னராசு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ஐந்தரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். அறுபது வீடு இருக்கும். எஸ்தர் அதே ஊரில் பிறந்தவர், நாற்பது வயது, பன்னிரண்டாவது வரை படித்தவர். ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் கிறிஸ்தவரானவர். அவருடையது மட்டும்தான் அந்த ஊரில் கிறிஸ்தவக் குடும்பம். பகலில் எஸ்டேட்டில் வேலை, மாலையில் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் சுற்று வட்டாரத்திலிருந்து ஒன்பது பேர் கூடி ஜெபிக்கிறார்கள். சபை என்றால் அதுதான் சபை.

பீட்டர் அண்ணனுக்கும் டேனியலுக்கும் டியூஷன் அறையில் பாய். எனக்கு எஸ்தர் வீட்டின் உள்ளறை. குளிக்க, பின்பக்கம் தகரம் அடைத்த ஒரு மறைப்பு. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் தெருக்குழாயில் வரும், அதைப் பிடித்து டிரம்மில் வைப்பார்கள். நான் போட்ட கணக்குப்படி நான் ஒரு குளியலுக்கு ஊற்றிக்கொள்கிற தண்ணீரில் அந்த வீடு ஒரு நாள் முழுக்க ஓடும். இரண்டு வாளியோடு நிறுத்திக்கொண்டேன். ராத்திரிக்கு ராகிக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எஸ்தர் செய்து காட்டினார். "நொம்ப நல்லா முழுங்கறீங்கக்கா" என்று பாராட்டினார். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

சாப்பிடும்போதே வெளியே மேளச் சத்தம். ஊர் மாரியம்மன் கோயிலில் அன்றைக்குத்தான் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு கட்டி நோம்பியைத் தொடங்குவது, அடுத்த புதன் வரை திருவிழா. எஸ்தர் எங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார். கோயில் முன்னால் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

"ஊருல கேட்டுட்டுத்தானுங்க நாங்க ஞாயித்துக்கெழமை கூடறோம். ஊருக்கு எடைஞ்சலா ஒண்ணும் நடக்காதுன்னு நான் வாக்குக் குடுத்திருக்கறேன். அது போச்சுன்னா முன்னறையை மூடிப்போட வேண்டியதுதான். நீங்க வர்றதுக்கும் நாந்தான் போய்ச் சொன்னேன். அதை மட்டும் பாத்துக்கோணுமுங்க அண்ணா."

"கவலையே படாதீங்க சிஸ்டர், நாங்க இருக்கிற இடமே தெரியாது" என்றார் டேனியல். மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை எங்களை எழுப்பி, "வாங்க, ஒரு ஜெபநடை போயிட்டு வந்துரலாம்" என்றார். மிஷன் பயணம் போனவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலையைத் தொடங்குமுன் அந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த மக்களுக்காக மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே நடப்பது. நாங்கள் எங்கே போனாலும் முதல் காலையில் இதைச் செய்வோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எஸ்தர் குழாயடியில் இருந்தார். அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, சொல்லாமலே கிளம்பினோம்.

ஊரின் எல்லையை ஒட்டி ஒற்றையடிப் பாதை போகிறது. பனி இறங்கியிருந்தது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. டேனியல் முன்னால், கையை வீடுகளின் பக்கம் நீட்டி, உதடு மட்டும் அசைய நடந்தார். எல்லை திரும்புகிற மூலைகளில் கல் நட்டிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் பையிலிருந்த சின்னப் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தார். அதுவும் எங்கள் வழக்கம்தான், இடத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கிறதாக அர்த்தம். மூன்றாவது கல்லில் விரலை வைத்தபோது பனிக்குள்ளிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க! நில்லுங்க! அங்க என்னத்தைத் தடவறீங்க?"

ராமாயி. பஸ் நிற்கிற இடத்தில் பெட்டிக்கடை வைத்திருப்பவர், எஸ்தருக்குப் பக்கத்து வீடு. கையில் விளக்குமாறு.

"ஒண்ணுமில்லம்மா, ஜெபம்" என்றார் டேனியல்.

"ஜெபத்துக்கு எதுக்குங்க எண்ணெய்?"

டேனியல் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டார். ராமாயி எங்கள் கால் தடத்தைப் பார்த்தார், நாங்கள் வந்த வழியைப் பார்த்தார். "ஊரையே சுத்தி வந்துட்டீங்களா?" என்றார். "முக்கால்வாசி" என்று பீட்டர் அண்ணன் உண்மையைச் சொன்னார். ராமாயி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார்.

விஷயம் இதுதான். காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லையை முழுதாகச் சுற்றுவது அம்மன் மட்டும்தான், அதுவும் கடைசி நாளில். அதுவரை யாரும் சுற்ற மாட்டார்கள். எல்லைக் கல்லை யாரும் தொட மாட்டார்கள். அந்த நேரத்தில் வெளியூர் ஆள் எண்ணெயோடு முணுமுணுத்துக்கொண்டு சுற்றினால், ஊருக்கு யாரோ செய்வினை வைக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எஸ்தர் இதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வந்து இறங்கிய விருந்தாளி விடிந்ததும் எழுந்து ஊரைச் சுற்றப் போவான் என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்?

அரை மணி நேரத்தில் கோயில் முன்னால் போட்டிருந்த பந்தலில் முப்பது நாற்பது பேர். எஸ்தர் குழாயடியிலிருந்து அப்படியே வந்திருந்தார், சேலை நனைந்து கிடந்தது. அவர் எங்களைத் திட்டவில்லை. எங்களைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, எங்களுக்காக இல்லை. எங்களை என்ன செய்துவிடுவார்கள், வண்டி ஏற்றி அனுப்புவார்கள். நாங்கள் கிள்ளானுக்குப் போய்விடுவோம், அந்தப் பெண் இங்கேயே இருக்க வேண்டும்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வருகிறார் என்றதும் பெரிய மீசையோடு வயதான ஒருவரை எதிர்பார்த்தேன். வந்தவர் பழனி, முப்பத்தெட்டு வயது, எஸ்டேட்டில் ரைட்டர், ஆட்களின் வருகைக் கணக்குப் பார்க்கிறவர். கையில் பைக் சாவி. "எட்டு மணிக்கு நான் எஸ்டேட்டுல இருக்கோணும், சுருக்காச் சொல்லுங்க" என்றார். ராமாயி நடந்ததைச் சொன்னார். கூட்டி எதையும் சொல்லவில்லை, அதையும் நான் எழுதியாக வேண்டும்.

பழனி எங்களிடம் திரும்பினார். "நீங்க கெட்டது ஒண்ணும் பண்ணலைன்னே வெச்சுக்குவோமுங்க. சாமிகிட்ட வேண்டுனீங்க, சரி. எங்க ஊரைச் சுத்தி எங்களுக்காக வேண்டுனதுதான? என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

டேனியல் பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். "நான் உண்மையைச் சொல்லிடறேன் ஐயா. முதல் மேடு வரைக்கும் ஊருக்காகத்தான் ஜெபிச்சேன். அதுக்கப்புறம் என் முட்டி தாங்கணும்னு மட்டும்தான் கேட்டேன்."

பெண்கள் பக்கம் சிரித்தார்கள். பீட்டர் அண்ணன், "எனக்குத் தலை சுத்தல் நிக்கணும்னு" என்றார். அதற்கும் சிரிப்பு. பழனி சிரிக்கவில்லை, டேனியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேனியல் ஏதாவது நயமாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். மழை பெய்ய வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவர் ஜெபத்தைப் பற்றிப் பொய் சொல்லத் தெரியாதவர். தலையைக் குனிந்துகொண்டு, "இந்த ஊர்ல இருக்கிற தெய்வம் இங்கிருந்து போகணும்னு கேட்டேன்" என்றார்.

இதே வார்த்தைகளை எங்கள் சபையில் எத்தனை தடவை நானே ஆமென் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தெய்வத்தின் சொந்தக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, பட்டப்பகலில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். "கேட்டுக்கிட்டீங்களா? இதுக்குத்தான் இவுங்களை ஊட்டுல வெச்சு சோறு போட்டயா எஸ்தரு?" ஆளாளுக்குச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ராமாயி டேனியலைப் பார்த்து, "போகச் சொன்னா எப்படீங்க போவும்? இருக்கறது ஒரே பஸ்ஸு, அதுவும் வந்தாத்தான் உண்டு" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றவர் உட்காரவில்லை.

பழனி கையைக் காட்டினார். "எஸ்தரு, நீ சொல்லு. நீயும் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை இதைத்தான் வேண்டிக்கறயா?"

அதுதான் கேள்வி. இல்லை என்றால் விருந்தாளிகள் முன்னால், கூரை மாற்றித் தர வந்தவர்கள் முன்னால், தன்னை விசுவாசம் குறைந்தவளாகக் காட்டிக்கொள்ள வேண்டும். ஆமாம் என்றால் முன்னறையை மூட வேண்டிவரும். எஸ்தர் நனைந்த முந்தானையைப் பிழிந்துவிட்டுச் சொன்னார்.

"நான் எல்லாத்து பேரையும் சொல்லி வேண்டிக்கறனுங்க. ஊடு ஊடா வரிசையா. உங்க அம்மாவுக்குச் சக்கரை கொறையோணும், ராமாயி அக்காளுக்கு முட்டி சரியாவோணும், மேக்கால ஊட்டுத் தம்பிக்கு மேல படிக்க எடம் கெடைக்கோணும். அவ்வளவுதானுங்க. கதவு தொறந்துதான் கெடக்குது, வந்து கேட்டுப் பாருங்க."

"கேட்டிருக்கறேன்" என்றார் ராமாயி. "செவுத்துக்கு அந்தப் பக்கம்தான நான் உக்காந்திருக்கறேன். எம்பட பேரைச் சொல்லும். முட்டி சரியாவறதைத்தான் இன்னும் காணோம்."

பழனி பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தார். கோயில் பூசாரியிடம் ஏதோ கேட்டார், அவரும் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார். அரைகுறைச் சுற்று அப்படியே நிற்கக் கூடாது, முழுதாக முடிக்கவும் கூடாது. போன தடத்திலேயே திரும்பி வர வேண்டும். ராமாயி மஞ்சள் தண்ணீர் கொண்டு வந்து மூன்று கல்லையும் கழுவுவார். "எஸ்தரு முன்னால போவட்டும். அது எப்படி வேண்டிக்குதோ அப்படியே நீங்களும் வேண்டிக்கிட்டே வாங்க. வாய்விட்டு. எங்களுக்கும் கேக்கோணும்" என்றார். கடிகாரத்தைப் பார்த்து, "நான் வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

டேனியல் என்னிடம் மெதுவாக, "அக்கா, திரும்பி நடந்தா பண்ணின ஜெபத்தை வாபஸ் வாங்கின மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார். உண்மையாகவே தவித்தார். நான் பதில் தேடுவதற்குள் எஸ்தர் நடக்கத் தொடங்கியிருந்தார். பீட்டர் அண்ணன், "கடவுளுக்கு ரிவர்ஸ் தெரியாதா என்ன, வா" என்று சொல்லி அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

பனி விலகி வெயில் வந்திருந்தது. எல்லைப் பாதையிலிருந்து ஒவ்வொரு வீட்டின் பின்பக்கமும் தெரிந்தது. எஸ்தர் வீட்டைப் பார்த்து, பெயரைச் சொல்லி, கணீரென்று வேண்டினார். அடுப்பு வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் பின்கதவுக்கு வந்து நின்றார்கள். முதலில் சும்மா பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "எஸ்தரு, காட்டுமாடு வந்து தோட்டத்தை மிதிக்குது, அதையும் சொல்லு" என்றாள். இன்னொருத்தி, "எம்மருமவளுக்கு இது ஒம்பதாவது மாசம்" என்றாள். டேனியலும் வாய் திறந்தார். காட்டுமாட்டுக்காகவும் மருமகளுக்காகவும் ஜெபித்தார். சாயங்கால பஸ் ஒழுங்காக வர வேண்டும் என்று அவர் கேட்டபோது மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆமோதித்தார்கள். காலையில் அதே பாதையில் நான் நடந்தபோது அந்த அறுபது வீட்டில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாருக்காகத்தான் ஜெபித்தேனோ.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எஸ்தர் அழுதார். அழுதுகொண்டே களி கிண்டினார். "ஏனுங்க அண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?" என்றார். டேனியல் சமையல் கட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். எஸ்தர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவருக்குக் களியை மட்டும் பெரிதாக வைத்தார். முன்னறை விஷயத்தைப் பழனி வாய்விட்டு எதுவும் சொல்லாமல் போயிருந்ததுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நாங்கள் கூரையைப் பிரித்துப் புதுத் தகடு போட்டோம். ஊர் ஆட்கள் ஆணி அடிக்க வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இனிமேல் இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மே மாதமானாலும் ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும். வளைவு ஏறுமுன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மலை கிராமத்துக்கு பஸ் உண்டு, ஆனால் சீசனில் கூட்டம், பெட்டி படுக்கையோடு ஏற முடியாது, ஜீப் சொல்லிவிடுங்கள். எந்த விசாவில் என்ன செய்யலாம் என்பதைக் கிளம்புமுன் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் நோம்பி உண்டா என்று விசாரியுங்கள், இருந்தால் நாளை மாற்றுங்கள். நேரம் மிச்சமிருந்தால் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்குப் போய்ப் பாருங்கள், குகைக்குள் குனிந்து போக வேண்டும், நான் முட்டிக்குப் பயந்து வெளியே நின்று காற்று வாங்கினேன். ஜெபநடை போகிறவர்கள் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்களை வீட்டில் வைத்திருக்கிறவரைக் கேட்டு, அவரை முன்னால் விட்டு, வாய்விட்டு ஜெபியுங்கள். அந்த ஊர்க்காரர் காதில் விழக்கூடாத ஜெபம் என்றால் அதை நம் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சனி ராத்திரி நோம்பிக்கு மைக் செட் வந்து இறங்கியது. எஸ்தர் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். காலை ஆறு மணிக்கு அம்மன் பாட்டு தொடங்கியது, பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. எஸ்தர் முன்னறையைக் கூட்டிப் பாயை விரித்தார், கதவை எப்போதும்போல் திறந்து வைத்தார். ஒன்பது பேரும் வந்தார்கள், நாங்கள் மூன்று பேர். இந்தச் சத்தத்தில் எப்படி என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பத்து மணிக்கு ஸ்பீக்கர் நின்றது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துப் பீட்டர் அண்ணன் விளக்கைப் போட்டுப் பார்த்தார், எரிந்தது. எஸ்தர் பாட ஆரம்பித்தார். பாடினோம். பிறகு வீடு வீடாக, பெயர் பெயராக வேண்டினார், டேனியல் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் திருப்பிச் சொன்னார். எஸ்தர் ஆமென் சொல்லி முடித்ததும், கம்பத்திலிருந்து கரகரவென்று சத்தம். மைக்கில் பழனியின் குரல், மலை முழுக்கக் கேட்டது.

"எஸ்தரு, முடிஞ்சுதா? பாட்டைப் போட்டுறலாமா?"

எஸ்தர் எழுந்து வாசலுக்குப் போனார். கம்பத்தை அண்ணாந்து பார்த்து, அடித் தொண்டையிலிருந்து கத்தினார்.

"இருங்க, இன்னொரு பாட்டு இருக்குதுங்க!"

நாங்கள் பாடி முடிக்கும்வரை ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை.